பீட்சாவியல்: ஒரு துண்டு ஆராய்ச்சி

பசித்துப் புகினும் பசியாது புகினும்
இறுதித் துண்டொடு எழுவதே இயல்பே;
முதற்றுண்டு தீண்டுமுன் முடிவுசெய் வோர்க்கே
இடையளவு நிற்கும் என்மனார் புலவர்.

என்பது பீட்சாவியலின் முதல் நூற்பா. என் நுதலிற்றோ எனின், பீட்சாக் கடைக்குள் போன ஒருவர் உடம்புக்கு அதிகச் சேதாரமில்லாமல் வெளியே வரும் வழியை உணர்த்துதல் நுதலிற்று. ‘பசியாது புகினும்’ என்றது பிறந்தநாள் விருந்து, ஆபீஸ் ட்ரீட், மழைக்கு ஒதுங்குதல் ஆகியவற்றை. ‘இடையளவு’ என்றது பேண்ட்டின் இடுப்பளவு. காப்பியத் தலைவியின் இடை என்று பொருள் கொள்வார் உளராயின், அவர் இந்தக் கடைப் பக்கம் வராதவர். ‘என்மனார் புலவர்’ என்றதால் ஏதோ பழைய ஓலையில் கிடைத்தது என்று எண்ண வேண்டாம். நூற்பா புதிது, யாத்தவன் இவ்வுரைகாரனே. புலவர் யாவர் எனின், பக்கத்து மேசையில் பில்லைக் கட்டிவிட்டு பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டிருந்தவர்.

1996இல் டோமினோஸ் தில்லியிலும் பீட்சா ஹட் பெங்களூரிலும் முதல் கடையைத் திறந்தன. அதன்பின் ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, கல்லூரி முடித்து, சொந்தக் காசில் எக்ஸ்ட்ரா சீஸ் வாங்கும் நிலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இத்துறைக்குத் தமிழில் ஓர் இலக்கணம் இல்லை. பொங்கல் தின்றால் தூக்கம் வரும் என்று எச்சரிக்கும் வாய்மொழி மரபாவது நம்மிடம் உண்டு. பீட்சாவுக்கு அதுவும் இல்லை. அக்குறை இங்கே நீங்குகிறது.

ஆய்வு எல்லை

இவ்வாய்வு தமிழ்நாட்டில் கிளை பரப்பியிருக்கும் சங்கிலித் தொடர் கடைகளோடு நிற்கிறது. நேப்பிள்ஸ் நகரம் வேண்டுமென்றே விலக்கப்பட்டது. அங்கே பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ 2017இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கே அடிப்பகுதிக்கு. விறகடுப்பில் ஏறக்குறைய 485 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒன்றரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். மரினாரா என்ற பழைய வகையில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸே கிடையாது. நம் ஊரில் சீஸ் இல்லாத பீட்சா கேட்டால் மேனேஜரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இத்தாலியை விலக்க இன்னொரு காரணமும் உண்டு. சில்வானோ கல்லுஸ் என்ற ஆய்வாளரின் குழு, இத்தாலியில் பீட்சா தின்போரிடம் சில நோய்கள் குறைவாக இருப்பதாகக் கண்டது. அதற்காக அவருக்கு 2019இல் இக் நோபெல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது. பரிசுக் குறிப்பிலேயே நிபந்தனை இருந்தது: பீட்சா இத்தாலியில் செய்யப்பட்டு இத்தாலியிலேயே உண்ணப்பட வேண்டும். பீட்சா என்பது இத்தாலியரின் மொத்தச் சாப்பாட்டுப் பழக்கத்துக்கு ஓர் அடையாளமாக மட்டுமே இருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஒத்துக்கொண்டார்கள். ஆகவே மடிப்பாக்கத்தில் உண்பவருக்கு இச்சலுகை செல்லாது.

முன்னாய்வுகள்

பீட்சா உண்போரை ஆராய்ந்தோரில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க். ஓர் இத்தாலிய உணவகத்தின் பஃபே மேசையில் திரட்டிய தகவலை வைத்து நான்கு கட்டுரைகள் வந்தன. பெண்களோடு சேர்ந்து உண்ணும் ஆண்கள் 93 சதவீதம் கூடுதலாகப் பீட்சா தின்கிறார்கள் என்பது அவற்றில் ஒன்றன் முடிவு. 2017இல் ஆய்வாளர் மூவர் உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். நான்கு கட்டுரைகளிலும் சேர்த்து ஏறக்குறைய 150 முரண்பாடுகள். தங்கள் அறிக்கைக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் ‘புள்ளியியல் நெஞ்செரிச்சல்’. பேராசிரியரின் பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2018இல் பல்கலைக்கழகம் அவர்மீது ஆய்வுமுறை தவறியதாகக் கண்டது. பேராசிரியர் பதவி விலகினார். எனவே கணவர் நாலாவது துண்டை எடுக்கும்போது மனைவியைக் காரணம் காட்டுவதற்கு அறிவியல் ஆதாரம் இப்போதைக்கு இல்லை.

அடுத்தது டோகோ நாட்டின் கடற்கரை விடுதி ஒன்றில் நடந்த ஆய்வு. அங்குள்ள ஓணான்களின் முன் இருவகைப் பீட்சாக்களை வைத்தார்கள். நால்வகைச் சீஸ் போட்டதையே அவை நாடின. 2025இல் இக்குழுவுக்கும் இக் நோபெல் கிடைத்தது. கூடுதல் சீஸ் மீதான நாட்டம் நாகரிகத்தால் வந்த நோயன்று, முதுகெலும்புள்ள உயிர்க்கெல்லாம் பொது என்று இதனால் பெறப்படும். ஓணானுக்குக் கொலஸ்ட்ரால் பார்த்தார்களா என்பது இவ்வாய்வுக்குப் புறம்பு.

மூன்றாவது, ஆய்வன்று, சட்டம். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுது, அரைக் கோப்பைக் காய்கறிக்குச் சமம் என்று அமெரிக்காவில் கணக்கு இருந்தது. அதை மாற்ற அரசு முயன்றபோது, 2011இல் அந்நாட்டு நாடாளுமன்றம் முட்டுக்கட்டை போட்டது. பீட்சா காய்கறியாகிவிட்டது என்று உலகமே சிரித்தது. நாம் சிரிக்க முடியாது. அதே சட்டத்தை நம் வீடுகளில் தீர்மானம் எதுவும் போடாமலே நிறைவேற்றியிருக்கிறோம். அடுத்த பகுதி அதைப் பற்றியது.

குடைமிளகாய்ச் சமாதானம்

களத்தில் கண்ட மேசை ஒன்று. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் பெண், ஊரிலிருந்து வந்த பெரியப்பா. மெனு அட்டை பெண்ணின் கையில்.

“பெரியப்பா, உங்களுக்கு என்ன சொல்லட்டும்?”

“எனக்குச் சுகர் இருக்கேம்மா. சீஸ் கம்மியா, காய் நிறையப் போட்டதா ஒண்ணு சொல்லு.”

“அப்போ எல்லாருக்கும் வெஜ்ஜே சொல்லிடலாம்,” என்றார் அம்மா. “உடம்புக்கும் நல்லது.”

ஆர்டர் எடுக்க வந்த பையன் குனிந்து, “மேம், கொஞ்சம் சேர்த்துக் குடுத்தா சீஸ் பர்ஸ்ட் வரும். கார்லிக் பிரெட்டும் கூல்டிரிங்ஸும் காம்போல இருக்கு,” என்றான்.

அதுவரை வாய் திறக்காத அப்பா, “சரி, போட்டுடு தம்பி. வந்ததே வந்துட்டோம்,” என்றார்.

இத்துறையின் இரு பெரும் விதிகளும் இந்த ஒரு மேசையில் அடங்கும். குடைமிளகாய் கண்ணில் பட்டால் மனம் ஆறுதல் அடைந்து அடியிலுள்ளதைக் கேள்வி கேட்காது. இது குடைமிளகாய்ச் சமாதானம். வாசல் தாண்டியபின் எந்தக் கூடுதலும் கூடுதலாகத் தோன்றாது; இது வந்ததே வந்தோம் விதி. முன்னது பின்னதற்குத் துணைபோகும்.

பெரியப்பாவின் பீட்சா வந்ததும் உற்றுப் பார்க்க நேர்ந்தது. ஒரு துண்டின் மேல் குடைமிளகாய்க் கீற்று மூன்று, வெங்காயம் ஒரு சுருள், மக்காச்சோள முத்து ஆறேழு. இதில் மக்காச்சோளம் பெயருக்குத்தான் காய், குணத்தில் தானியம். பழமும் காய்கறியுமாக நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கீற்றுகளைக் கொண்டு அந்த இலக்கை எட்ட வேண்டுமானால் கடையின் அன்றைய சரக்கு முழுவதும் தேவைப்படும். தட்டில் உருப்படியான காய்கறி ஒன்று உண்டென்றால் அது யாரும் கண்டுகொள்ளாத தக்காளிச் சாஸ்தான். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன், எண்ணெயோடு வெந்தபோதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். ஆகவே வெள்ளைச் சாஸா, சிவப்புச் சாஸா என்று கேட்டால் சிவப்பு என்க.

பெரியப்பா பயந்தது சீஸுக்கு. சீஸில் கொழுப்பும் உப்பும் நிறைய உண்டு. மாவுச்சத்து மிகக் குறைவு. சர்க்கரைக்காரர் பயப்பட வேண்டியது அடியில் கிடக்கும் மைதாவுக்கு. இரண்டும் சேர்ந்தால் இன்னொரு சூதும் உண்டு. கொழுப்பு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் ரத்தச் சர்க்கரை உடனே துள்ளாது. பல மணி நேரம் கழித்து ஏறி, இறங்காமல் நிற்கும். இன்சுலின் போடுவோரிடையே இதற்குப் ‘பீட்சா விளைவு’ என்றே பெயர். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்து, “பார்த்தியா, ஒண்ணும் ஆகலே,” என்று பெரியப்பா சொல்வாரானால், நள்ளிரவில் மறுபடி குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கார்லிக் பிரெட் முதலில் வந்தது. மைதாவுக்கு முன்னுரையாக மைதா, சீஸுக்கு முன்னுரையாக வெண்ணெய். முன்னுரையே இத்தனை நீண்டால் நூல் என்னாவது? அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது கிருமிக்காக. முட்டையில்லாத மயோனைஸில் முட்டைதான் இல்லை, எண்ணெய் அப்படியே இருக்கிறது.

பீட்சாவின் மேல் மினுங்கிய எண்ணெயை அம்மா டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுத்தார். பாராட்டத்தக்க செயல். ஒரு தேக்கரண்டி எண்ணெய் போனதென்றால் 40 கலோரி மிச்சம். கையோடு கோலாவை உறிஞ்சினார். 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 300 மில்லி கிளாஸில் 30 கிராம், 120 கலோரி. ஒரு கோலாவை ஈடுகட்ட மூன்று பீட்சாக்களை ஒற்ற வேண்டும். தண்ணீர் கேட்டிருந்தால் காகிதமும் மிச்சம்.

ஓரிகானோ பொட்டலத்தை ஆளுக்கு இரண்டாகக் கிழித்துத் தூவினார்கள். பல பொட்டலங்களில் உப்பும் கலந்திருக்கும். பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மாவில் உப்பு, சாஸில் உப்பு, சீஸில் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. காரம் வேண்டுமானால் மிளகாய்த் தூள் பொட்டலம் போதும்.

அசைவர்க்கு ஒரு வரி: சாசேஜ், சலாமி, பெப்பரோனி போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் சேர்த்தது. வெறும் சிக்கன் மேல்.

வட்டக் கணிதம்

ஏழங்குலப் பீட்சாவுக்கும் பத்தங்குலப் பீட்சாவுக்கும் மூன்று அங்குலம்தானே வித்தியாசம் என்று எண்ணுவோர் பள்ளியில் படித்த பரப்பளவுச் சூத்திரத்தை மறந்தோர். ஏழங்குலம் 38.5 சதுர அங்குலம், பத்தங்குலம் 78.5. இரட்டிப்புக்கும் சற்று மேல். பன்னிரண்டு அங்குலமோ 113. ஏழங்குலம் மூன்றுக்குக் கொஞ்சமே குறைவு. ‘சின்னதுல வயிறு நிறையாது, மீடியமே சொல்லு’ என்ற வாக்கியத்தின் முழுப்பொருள் ‘ரெண்டு சாப்பாடு சொல்லு’ என்பதாகும். காசுக் கணக்கில் பெரியதே லாபம். கடைக்காரருக்கு இது தெரியும். அதனால்தான் பெரியதன் விலை நமக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

பங்கீட்டுக்குக் கணிதத்தில் தேற்றமே உண்டு. வட்டத்துக்குள் எந்தப் புள்ளி வழியாகவும் சமகோணத்தில் நான்கு கோடுகள் வெட்டினால் எட்டுத் துண்டு கிடைக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் இருவர் பங்கும் சமம். வெட்டியவர் நடுவை விட்டுக் கோணலாக வெட்டியிருந்தாலும் சரி. எல். ஜே. அப்டன் என்பவர் 1960களில் விடுத்த புதிரிலிருந்து வளர்ந்தது இது. தம்பதியர் சண்டையின்றி உண்ண உதவும். ஆளுக்கு நாலு துண்டு போவதை மட்டும் எந்தத் தேற்றமும் தடுக்காது.

அரசின் முயற்சி

கேரளம் 2016இல் பிராண்டு கடைகளின் பீட்சா, பர்கருக்கு 14.5 சதவீத ‘கொழுப்பு வரி’ போட்டது. மறு ஆண்டு ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கிவிட்டது.

பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைக் காட்ட வேண்டும் என்பது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதனால் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். நாம் பார்ப்பது விலையை. எண்ணைப் பார்ப்போரும் ஒன்றைக் கவனிக்க: அது ஒரு பரிமாறல் அளவுக்குரியது. அளவு முழுப் பீட்சாவா, இரண்டு துண்டா என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். இரண்டு துண்டின் எண்ணைப் படித்துவிட்டு ஆறு துண்டு உண்பது கணக்கியலில் வேறு பெயரால் வழங்கும்.

துணிபு

மேலே என்ன தூவலாம் என்பதில் நாம் செலவிடும் சிந்தனையில் பாதியை அடியில் என்ன, எத்தனை துண்டு, பக்கத்தில் என்ன என்ற மூன்றுக்குச் செலவிட்டால் போதும் என்பது இவ்வாய்வின் துணிபு. மெல்லிய அடி சொல்லுங்கள். நினைத்ததைவிட ஓர் அளவு சின்னதாகச் சொல்லுங்கள். சீஸ் போட்டது போதும். அடிக்குள் ஒளித்து வைத்த சீஸ் வேண்டாம். காம்போ என்ற சொல் காதில் விழுந்தால் வந்ததே வந்தோம் விதி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அறிக. கிளம்புமுன் வீட்டில் ஒரு வெள்ளரிக்காயோ ஒரு பிடி சுண்டலோ தின்றுவிட்டுப் போவோரிடம் அவ்விதி பலிப்பதில்லை. உண்டபின் கொஞ்ச தூரம் நடந்தால் சர்க்கரையின் ஏற்றம் மட்டுப்படும். வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் துண்டைத் தொடுமுன்பே எத்தனை துண்டு என்று முடிவுசெய்து, மீதியைப் பெட்டியில் போட்டு மூடச் சொல்லுங்கள். நூற்பாவின் மூன்றாம் அடிக்கு உரை இதுவே. மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் தோசைக்கல்லைக் குறைந்த தீயில் காயவைத்து, எண்ணெய் விடாமல் மூடிபோட்டுச் சூடாக்குங்கள். அடி மொறுமொறுப்பாக வரும். மைக்ரோவேவில் வைத்தால் சவசவவென்று ஆகிவிடும்.