சாப்பாட்டு ராமனின் பேரன்

சாப்பாட்டு ராமன் தமிழர் எல்லோருக்கும் தெரிந்தவர். கல்யாண வீட்டில் பந்தி எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டே உள்ளே வருவார். மூன்றாம் முறை சாம்பார் கேட்கும்போது வாளிக்காரர் முறைத்தாலும், முகம் கோணாமல் இலையைக் காட்டுவார். எதைச் சாப்பிட்டோம், ஏன் சாப்பிட்டோம் என்று விளக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஏப்பமே அவருடைய விமர்சனம். பேரன் அப்படியில்லை. இவர் சாப்பிடும் நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசும் நேரம் அதிகம். வெளியே போனால் பதின்மூன்று சுற்று விருந்து. வீட்டுக்கு ஆட்களை அழைத்தால் ஏழு சுற்றுக்குக் குறையாது. 'ஃபுடீ' என்று யாராவது சொன்னால் லேசாகச் சிரித்து, அது பிரியாணி வீடியோ போடுகிறவர்களுக்கான சொல் என்று ஒதுக்கிவிடுவார்.

சென்னையில் இவர் அடையாறு, அண்ணா நகர், பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்கள் ஆகிய இடங்களில் காணப்படுகிறார். வயது முப்பத்தைந்துக்கு மேல். வீட்டுக்கடன் பாதி அடைந்திருக்கும். பெரும்பாலும் ஆண். தினம் மூன்று வேளையும் சமைக்கிறவர்களுக்கு இந்த நோய் தொற்றுவதில்லை. வீட்டுக்குள் போய் அடையாளம் காண்பது எளிது. மஞ்சள் தூளைக்கூட கிராம் கணக்கில் நிறுக்கும் தராசு, இலையைக் கிள்ளி வைக்க நகைக்கடையில் இருப்பது போன்ற இடுக்கி, துணிச் சுருளில் ஆறு கத்தி. குளிர்சாதனப் பெட்டியில் பெயர் எழுதி ஒட்டிய ஜாடி ஒன்று இருக்கும். உள்ளே இருப்பது சவர்டோ ரொட்டிக்கான புளித்த மாவு. சென்னை வெயிலில் வெளியே எடுத்து வைத்தால் நாளுக்கு இருமுறையாவது அதற்குப் புது மாவும் தண்ணீரும் போட வேண்டும். அலுவலக வேலையாக வெளியூர் போனால், ராத்திரி அம்மாவுக்குப் போன் வரும்: "அதுக்கு மாவு போட்டியாம்மா?" அம்மா சொல்வார்: "நீ கைக்குழந்தையா இருந்தப்பகூட நான் இப்படி மணி பார்த்து ஊட்டலடா."

இந்த இனத்தின் பூர்வீகம் பாரிஸ். புரட்சிக்குப் பிறகு கையில் புதிதாகக் காசு பார்த்தவர்களுக்கு எதைச் சாப்பிடுவது, எங்கே வாங்குவது, விருந்தாளியை எப்படி உட்கார வைப்பது என்று சொல்லித்தர ஆள் தேவைப்பட்டது. கிரிமோ த லா ரெனியேர் என்பவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். 1803 முதல் தின்பண்டங்களையும் கடைகளையும் தரம்பிரித்து ஆண்டு மலர் வெளியிட்டார். மதிப்பிட வேண்டிய பண்டங்களை வியாபாரிகள் அவர் வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். ஓசிச் சாப்பாட்டுக்கு விமர்சனம் எழுதும் தொழிலுக்கு அந்த வகையில் இருநூறு வயது தாண்டிவிட்டது. 1808இல் விருந்து வைக்கிறவர்களுக்கென்றே அவர் ஒரு கையேடும் எழுதினார். அதற்கெல்லாம் முன்பு, 1783இல், அவர் வைத்த விருந்து ஒன்றின் அழைப்பிதழ் சாவு அறிவிப்பைப் போலவே அச்சிடப்பட்டிருந்தது. இன்றைய பேரன்கள் எவ்வளவு துணிந்தாலும் கருமாதிப் பத்திரிகை அடிக்கும் அளவுக்குப் போனதில்லை. அம்மா உயிரோடு இருக்கும்வரை போகவும் மாட்டார்கள்.

சுற்றுச் சுற்றாகப் பரிமாறும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது. பழைய பிரெஞ்சு விருந்தில் பண்டங்களை மேசை முழுக்கப் பரப்பிவிடுவார்கள். கைக்கு எட்டினது வாய்க்கு. ஒன்று முடிந்து ஒன்றாகக் கொண்டுவரும் முறை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. ரஷ்யர்களிடமிருந்து வந்ததால் அதற்கு ரஷ்யப் பரிமாறல் என்றே பெயர். தமிழ்நாட்டு வாழையிலையில் இரண்டும் உண்டு. கறி, கூட்டு, பச்சடி, ஊறுகாய் எல்லாம் முதலிலேயே அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும்; பருப்பு, சாம்பார், ரசம், மோர் முறை வைத்து வரும். பேரனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் இலைச் சாப்பாடு இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நடுவில் எழுந்து நின்று ஒவ்வொன்றையும் விளக்க இடம் இல்லை.

இவருடைய பஞ்சாங்கம் மிஷ்லின் வழிகாட்டி. டயர் வியாபாரம் செய்த மிஷ்லின் சகோதரர்கள் 1900இல் பிரான்சில் அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். கார்க்காரர்கள் நிறைய ஊர் சுற்றினால் டயர் தேயும் என்பது கணக்கு. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். 1930களில் அது மூன்றுவரை போனது: ஒன்று என்றால் நல்ல கடை, இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். மூன்றிலும் டயர் தேய்கிறது. அதே கம்பெனியின் டயர் திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்க்கண்டிகையில் தயாராகிறது. நட்சத்திரம் மட்டும் இந்தியப் பக்கம் வரவில்லை. ஆகவே பேரன் பாங்காக் போகிறார். குடும்பத்தாரிடம் கோயில் பார்க்க என்று சொல்வது வழக்கம்.

நட்சத்திரம் இவருடைய குடும்ப வரலாற்றையும் திருத்திவிடும். நத்தம் பக்கத்துக்காரரான விஜய் குமார் நியூயார்க்கில் சமைக்கும் 'செம்மா' உணவகத்துக்கு 2022இல் நட்சத்திரம் கிடைத்தது. அங்கே நத்தைப் பிரட்டல் பரிமாறுகிறார்கள். அதுவரை நத்தை என்றாலே முகம் சுளித்த பேரன், "எங்க தாத்தா ஊர்ல மழை விட்டதும் வயல் நத்தை பொறுக்கி..." என்று ஆரம்பிக்கிறார். தாத்தா நத்தை தின்றதாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தின்றிருந்தால் இரண்டாம் முறை கேட்டிருப்பார், அதுவாவது நினைவிருக்கும்.

உணவகத்தில் இவர் நடந்துகொள்வதைக் கவனிக்க நல்ல இடம் கிண்டியில் இருக்கிறது. அங்குள்ள பெரிய ஓட்டல் ஒன்றில் 'அவர்தனா' என்ற உணவகம். தென்னிந்தியச் சாப்பாட்டை 7 முதல் 13 சுற்றுவரை பிரித்துப் பரிமாறுகிறார்கள். தக்காளி ரசத்தை, காபி இறக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸில் ஊறவைத்து, மார்ட்டினி கோப்பையில் ஊற்றுவார்கள். ரசம் வந்ததும் மேசையில் யாரும் அதைத் தொடக்கூடாது. முதலில் படம், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஊற்றும்போது வீடியோ. ஊற்றியது சரியாக விழவில்லை என்றால் பரிமாறுகிறவரிடம் இன்னொரு தடவை ஊற்றச் சொல்வதும் உண்டு. பிறகு கோப்பையை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, ஒரு வாய் உறிஞ்சி, "அசிடிட்டி பிரமாதம்" என்பார். மனைவி பதறிக் கைப்பையில் ஜெலுசில் தேடுவார். பதினைந்து வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் சொல்லுக்கு அவர் வீட்டில் வேறு பொருள் இருந்ததில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் பரிமாறுகிறவரிடம் ஒரு கேள்வி கேட்பது சம்பிரதாயம். "இந்த நுரை லெசித்தின் போட்டதா?" விடை இவருக்கு முன்பே தெரியும். பரிமாறுகிறவருக்கும் இவருக்குத் தெரியும் என்று தெரியும். "ஆமா சார், கரெக்டா சொல்லிட்டீங்க" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் பில்லில் பாதி.

இத்தகைய இரவுகள் நாலைந்து கழிந்தபின், இதையே வீட்டில் செய்தால் என்ன என்ற எண்ணம் வருகிறது. நோய் முற்றும் கட்டம் இது. சமையலறை அலமாரியில் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருக்கும். 1951இல் வந்து, எத்தனையோ புதுக் குடித்தனங்களைப் பட்டினியிலிருந்து காத்த புத்தகம். பேரன் அதை எடுத்துப் புரட்டிவிட்டு, வேலை ஒரே நாளில் முடிந்துவிடுகிறது என்ற காரணத்தால் திரும்ப வைத்துவிடுவார். அவருக்கு வேண்டியது மூன்று நாளைக்கு முன் ஆரம்பிக்கும் சமையல். பண்டத்தைப் பையில் அடைத்து, அளந்த சூட்டில் நீரில் மிதக்கவிட்டு வேகவைக்கும் சூ வீட் முறை 1970களில் பிரெஞ்சுச் சமையலறைகளில் வேர்பிடித்தது. அதற்கான சுழல் சூடேற்றி வீட்டுக்கு வந்ததும் முதல் பலி முட்டை: 63 டிகிரியில் ஒரு மணி நேரம். உடைத்து ஊற்றிப் பார்த்த அம்மா, "வேகவே இல்லையேடா" என்று அடுப்பைப் பற்ற வைக்கப் போனார். அந்த அரைவேக்காட்டுக்குத்தான் ஒரு மணி நேரம் என்பதை அவருக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை.

இந்தக் கட்டத்தின் உச்சம் ரச முத்து. பார்க்க மீன்முட்டை போல, வாயில் போட்டால் உடைந்து ரசமாக வேண்டும். ஸ்பெயினின் 'எல் புல்லி' உணவகத்தில் புகழ்பெற்ற வித்தை இது. சோடியம் ஆல்ஜினேட் கலந்த சாற்றைக் கால்சியம் கரைத்த தண்ணீரில் சொட்டினால் ஒவ்வொரு சொட்டைச் சுற்றியும் மெல்லிய தோல் கட்டும். ஆல்ஜினேட் ஒருவகைக் கடற்பாசியிலிருந்து வருவது. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் பாசிகளில் அதற்கானதும் உண்டு. பேரனுடைய பொட்டலம் பார்சிலோனாவிலிருந்து வந்தது. முதல் முயற்சியில் அதைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தார். அடுக்ககத்தின் போர் தண்ணீரில் வாளியே வெள்ளை பூக்கும், அவ்வளவு கால்சியம். மிக்ஸி ஜாரிலேயே மொத்தமும் நுங்காகிவிட்டது. இரண்டாம் முறை கேன் தண்ணீர் வாங்கிக் கரைத்தார். இப்போது புளி சதி செய்தது. புளிப்பு மிஞ்சினால் ஆல்ஜினேட் திரிந்து திரிதிரியாகிவிடும். புளிப்பை அடக்க சோடியம் சிட்ரேட் போட்டதில் மூன்றாம் முறை முத்து வந்தது, ரசம் போய்விட்டது. மருமகள் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு மாமியாரைப் பார்த்தார். அந்த வீட்டில் இருவரும் ஒன்றுபட்ட தருணங்களில் அது குறிப்பிடத்தக்கது.

சாக்லேட்டுக்கு வேறு கதை. பளபளப்பும் உடைக்கும்போது சத்தமும் வேண்டுமானால் கறுப்புச் சாக்லேட்டை 31, 32 டிகிரியில் பதமாக்கி, குளிர்ந்த இடத்தில் இறுக விட வேண்டும். மே மாதத்தில் சென்னைச் சமையலறை அதைவிடச் சூடு. ஆகவே ஏ.சி. உள்ள படுக்கையறை இனிப்புக் கூடமாகிறது. கட்டிலில் பலகை, பலகையில் சாக்லேட், கூடத்தில் பாயோடு அப்பா.

விருந்து நாள் சனிக்கிழமை. அழைப்பு ஏழரைக்கு, வேளச்சேரி நெரிசலைத் தாண்டி எட்டே முக்காலுக்கு வருகிறார்கள், முதல் தட்டு ஒன்பதரைக்கு. ஒவ்வொருவர் முன்னும் அச்சடித்த அட்டை இருக்கும். அதில் 'மண்ணும் மழையும்' என்றால் காளான் சூப். 'பாட்டியின் முற்றம்' என்றால் கறுப்புக் கல் மேல் நாலு சுண்டைக்காய் வற்றல். தட்டு வந்ததும் யாரும் கை வைக்காமல் இருக்க வேண்டும். பேரன் தலைமாட்டில் நின்று முற்றத்தைப் பற்றிச் சொல்வார்.

விருந்தாளிகளில் பழகியவர்கள் வீட்டிலேயே இரண்டு இட்லி முடித்துவிட்டு வருவார்கள். பாவம் புதியவர்கள். ஏழரை என்றதை நம்பி, சாப்பாட்டுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையைக் கிளம்பும்போதே போட்டுக்கொண்ட மாமா ஒருவர் எப்படியும் இருப்பார். இரண்டாம் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவே நெற்றியில் வேர்வை பூத்து, சமையலறை வாசலில் நின்று, "ஏம்மா, பிஸ்கட் ஏதாவது..." என்று மெதுவாகக் கேட்பார். வீட்டு அம்மாள் தயாராக வைத்திருக்கும் டப்பாவை நீட்டுவார். அன்றைய விருந்தில் கேட்டதும் கிடைத்த பண்டம் அது ஒன்றுதான். பிள்ளைகள் தோசை கேட்பார்கள். அவர்களுக்குத் தனியாக மாவு இருக்கும். அதைப் பற்றிப் பேரனிடம் யாரும் சொல்வதில்லை. ஐந்தாம் சுற்றில் தோசை மணம் கூடத்துக்கு வரும்போது பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பாராட்டும்போதும் சொல் பஞ்சம் வருகிறது. "நல்லா இருக்கு" என்றால் பேரனுக்குப் போதாது. "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். தமிழில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக ஆபத்தான சொல் அது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் "பொண்ணு நல்ல உசரம்" என்பது மாதிரி. பேரன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறார்.

மறுநாள் காலை பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம்தான் உண்மையான கணக்கு இருக்கிறது. எட்டு பேர், ஏழு சுற்று, ஐம்பத்தாறு தட்டு. கிண்ணம், கோப்பை, கறுப்புக் கல் தனி. "இத்தனை தட்டு கெடக்கே, ஒரு சோத்துப் பருக்கை காணோமே. நேத்து விருந்தா, விரதமா?" என்று கேட்டுவிட்டு, கற்கள் கழுவுவதற்குத் தனிக்கூலி என்றும் சொல்லிவிடுவார்.

இரண்டு, மூன்று வருடத்தில் வேகம் அடங்குகிறது. முதுகுவலி, மகளின் பத்தாம் வகுப்பு, அல்லது சைக்கிள். பொருள்கள் ஒவ்வொன்றாக வேலைக்குத் திரும்புகின்றன. கறுப்புக் கற்கள் துளசித் தொட்டிக்கு அடியில் போகின்றன. இடுக்கி, நரைமுடி பிடுங்க மனைவியின் கண்ணாடி மேசைக்குப் போகிறது. சூடேற்றியைப் பெங்களூரில் இருக்கும் தங்கை கேட்டு வாங்கிப் போகிறாள். அங்கே டிசம்பரில் மாவு புளிப்பதில்லை. வாளித் தண்ணீரை 30 டிகிரியில் வைத்து, நடுவில் மாவுப் பாத்திரத்தை இறக்கிவிட்டுப் படுத்தால், காலையில் மாவு விளிம்புவரை பொங்கி நிற்கிறது.