தாத்தாவை அப்பீலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்

நாஞ்சில் நாட்டில் நிலத்தை எழுதி வைக்கிறவர்கள் வரப்பு வழக்கையும் சேர்த்தே எழுதி வைக்கிறார்கள். தாத்தா காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் போனார்கள். 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்ததும் அப்பாக்கள் சென்னைக்குப் போனார்கள். 2004 ஜூலை 24 முதல் எங்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. வரப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கவிமணி 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் கோர்ட்டேறிக் குடி கெடுவதைப் பற்றி 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று தனியாகவே ஒன்று பாடினார். ரசித்துப் படித்துவிட்டு மறுநாளே கோர்ட்டுக்குப் போனவர்கள் நாங்கள்.

முன்சீப் கோர்ட்டில் தோற்ற என் சித்தப்பா, அப்பீலுக்குச் செலவு அதிகம் என்று மறுஆய்வு மனு கேட்டார். வக்கீல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 47-ஐ எடுத்து விளக்கினார். எவ்வளவு முயன்றும் அன்று கைக்குக் கிடைக்காத புது ஆதாரம் வேண்டும். அல்லது ஆவணத்தின் முகத்திலேயே தெரிகிற பிழை இருக்க வேண்டும். இல்லையென்றால் இவற்றுக்கு ஈடான வேறு காரணம். அப்பீல் போட்டுவிட்டால் இந்தப் பக்கமே வரக்கூடாது.

"தீர்ப்பு முழுசுமே பிழைதாம்வே!"

"அதைக் காட்ட எவ்வளவு நேரம் பேசணும் அண்ணாச்சி?"

"எங்க தாத்தா பிரமாணம் எழுதுனதுலேருந்து சொன்னா, ஒரு அரைநாள்."

"அரைநாள் பேசித்தான் தெரியும்னா அது முகத்துல தெரியுற பிழை இல்ல."

வக்கீல் கதை விடவில்லை. நீண்ட வாதத்தால் தோண்டியெடுக்கிற பிழை கணக்கில் வராது, மறுஆய்வு என்பது வேஷம் கட்டிய அப்பீலாக இருக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 1997-இல் சொல்லியிருக்கிறது.

சித்தப்பாவால் தாங்க முடியாதது வேறொன்று. மனுவைக் கேட்கப்போவது தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட். மாற்றலாகாமல் இருந்தால் அதே நீதிபதி. வீட்டுக்கு வந்து என்னிடம் குமுறினார்: "உங்க சித்தி வச்ச தீயல்ல உப்பு கூடிப்போச்சுன்னு அவகிட்டயே மனு குடுக்கணுமாம்ல!"

குமுறி முடிப்பதற்குள் முப்பது நாள் கெடு கடந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க இன்னொரு மனு. ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்பது பழைய வழக்கம். அப்படியானால் ஒவ்வொரு மணிக்கும் நொடிக்கும் ஏன் கேட்கக்கூடாது என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் கேட்டதோடு அந்தக் கெடுபிடி தளர்ந்தது. சித்தப்பா தளரவில்லை. கன்னிப்பூ அறுப்பு, அம்மன் கோயில் கொடை, கொழுந்தியாள் மகள் கல்யாணம், அதில் சாப்பிட்ட பாயசம், பாயசத்தால் வந்த வயிற்றுப்போக்கு என்று தேதிவாரியாக எழுதிக் கொடுத்தார். வக்கீல் அறுப்பை மட்டும் விட்டுவைத்தார்.

மனு தள்ளுபடி. தள்ளுபடி செய்த உத்தரவின்மேல் அப்பீல் கிடையாது. மறுஆய்வுக்கு மறுஆய்வும் கிடையாது.

ஆகவே வரப்புக்காரர்களே, தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு விண்ணப்பம் போடுங்கள். நகல் கிடைக்க ஆகும் நாட்கள் அந்த முப்பதில் சேராது. வக்கீலிடம் பிழையை மட்டும் சொல்லுங்கள். தாத்தாவை அப்பீலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.