கருணைக் கணக்கு

ஏழைப் பிள்ளைகளைக் கணக்குப் பாடத்தில் கரையேற்ற என்ன வழி? கரையையே கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்தி வைத்துவிடலாம் என்று கண்டுபிடித்தது பெங்களூரில் இருக்கும் கல்வித்துறை.

2024இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வறைகளில் கேமரா பொருத்தி நேரலையில் கண்காணித்தார்கள். முந்தைய ஆண்டு 83.89 சதவீதமாக இருந்த தேர்ச்சி, கேமரா கண் திறந்ததும் 73.40க்குச் சரிந்தது. அதுவும் எப்படி? கருணை மதிப்பெண்ணை 10 சதவீதத்திலிருந்து 20ஆக ஏற்றிய பிறகு! முதல்வர் சித்தராமையாவே கடிந்துகொள்ள, அடுத்த ஆண்டு கருணைக்கு விடைகொடுத்தார்கள். ஆனால் 2025 அக்டோபரில் இன்னொரு அறிவிப்பு வந்தது. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 35 சதவீதம் என்ற வரம்பு 33 ஆனது. இன்டர்னல் மார்க் 20ஐயும் சேர்த்து, பாடத்துக்கு 30 போதுமாம்.

சென்டம் வாங்குவது வேறு சாதிக் கணக்கு. ஜெயநகர் டியூஷன் சென்டர் பேனரில் சிரிக்கும் முகங்களுக்குக் கீழே 100/100 என்று போட்டிருக்கும். கட்டணம் மட்டும் இருக்காது, அதை உள்ளே போய்க் கேட்க வேண்டும். சேரிப் பையன் பேனரை நிமிர்ந்து பார்ப்பதற்கு இதுவரை கட்டணம் இல்லை.

இதே பெங்களூரில்தான் சர்க்கஸ்காரர் மகளாக சகுந்தலா தேவி பிறந்தார். பள்ளிப் படிப்பு சரியாக வாய்க்காதவர், 1980இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை 28 விநாடிகளில் பெருக்கிக் காட்டினார். நல்லவேளை, இன்டர்னல் மார்க் 20ஐ எங்கே என்று அங்கே யாரும் கேட்கவில்லை.