போர்ட்ஸ்மவுத்தின் கௌரவக் குடிமகன்

ஹாரி ரெட்நாப்பைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இங்கிலாந்துக் கால்பந்தில் மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள். நல்ல சம்பளம் தருகிற கிளப் கூப்பிட்டால் பெட்டியைக் கட்டுவார்கள். ரசிகர்கள் ஒரு பருவம் திட்டுவார்கள், அடுத்த பருவம் பெயரையே மறந்துவிடுவார்கள். ரெட்நாப்பை அப்படி மறக்க முடியவில்லை. போர்ட்ஸ்மவுத்தை விட்டு அவர் கடைசியாகப் போனது 2008இல். அந்த ஊரில் இன்றும் அவர் பெயரை எடுத்தால் ஒரு பெருமூச்சும் ஒரு வசவும் சேர்ந்தே வருகின்றன. இரண்டையும் ஒரே வாயிலிருந்து வரவழைக்கிற மனிதர் சாதாரணமானவராக இருக்க முடியாது.

போர்ட்ஸ்மவுத் கடற்படையின் ஊர். 'பாம்பி' என்பது அணியின் செல்லப்பெயர். 1939இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. உலகப் போரால் போட்டி நின்றுபோனதால் அந்தக் கோப்பை ஏழு ஆண்டுகள் அந்த ஊரிலேயே இருந்தது. 1949, 1950 இரண்டு ஆண்டும் லீக் பட்டம். அதற்குப் பிறகு நெடுங்காலம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நான்காம் பிரிவு வரைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டது. இந்த நிலையில் 2002 மார்ச்சில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ரெட்நாப். அடுத்த பருவத்திலேயே 98 புள்ளிகள் எடுத்து பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். 2004 மார்ச்சில், ஃப்ராட்டன் பார்க்கில், யாகுபுவின் ஒரே கோலில் சவுத்தாம்ப்டனையும் வீழ்த்தினார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. போர்ட்ஸ்மவுத்துக்கும் சவுத்தாம்ப்டனுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர்தான். இது போர்க்கப்பல் ஊர், அது பயணிகள் கப்பல் ஊர். ஒரு ஊர்க்காரன் மற்ற ஊர்க்காரனைச் சொல்லும் பெயரைக் குழந்தைகள் முன்னால் சொல்வதில்லை. பாம்பி ரசிகனுக்குத் தன் அணி ஜெயிப்பது முதல் மகிழ்ச்சி என்றால், சவுத்தாம்ப்டன் தோற்பது அதற்கு அரை அங்குலம்கூடக் குறையாத இரண்டாவது மகிழ்ச்சி.

2004 நவம்பரில் கிளப்பின் உரிமையாளர் மிலன் மாண்டரிச், வெலிமிர் சாயெட்ஸ் என்பவரை நிர்வாகப் பொறுப்பில் கொண்டுவந்தார். தன் வேலைக்குள் இன்னொருவர் கை நீளுவதை ரெட்நாப் விரும்பவில்லை. நவம்பர் 24 அன்று ராஜினாமா செய்தார். தன்மானமுள்ள மனிதர் அப்படித்தான் செய்வார். அதில் நான் குறை காணமாட்டேன். அதோடு அவர் உழைப்பாளி, வீட்டில் சும்மா உட்காரத் தெரியாதவர். டிசம்பர் 8 அன்று, இரண்டே வாரத்தில், புது வேலையில் சேர்ந்துவிட்டார். இங்கிலாந்தின் நான்கு தொழில்முறைப் பிரிவுகளிலும் சேர்த்து 92 கிளப்கள். போர்ட்ஸ்மவுத்தைக் கழித்தால் 91. அதில் தொண்ணூறில் எதற்குப் போயிருந்தாலும் ரசிகர்கள் கொஞ்ச நாள் வருத்தப்பட்டிருப்பார்கள், அவ்வளவுதான். மிச்சமிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற துணிச்சல் வேறு யாருக்கு வரும்? சவுத்தாம்ப்டனின் செயின்ட் மேரீஸ் மைதானத்தில் அவர் சிரித்த முகத்தோடு போய் நின்றார். போர்ட்ஸ்மவுத்தில் அவருக்கு அன்றே யூதாஸ் என்று பெயர் வைத்தார்கள்.

சவுத்தாம்ப்டன்காரர்களுக்கு அவர் செய்ததும் கொஞ்சமல்ல. 27 ஆண்டுகளாக இடைவிடாமல் முதல் பிரிவில் ஆடிய கிளப் அது. 2005 ஜனவரியில் கோப்பைப் போட்டியில் பாம்பியை 2–1 என்று வென்றார்கள், பீட்டர் கிரவுச் கடைசி நிமிடப் பெனால்டியில் அடித்த கோலில். போர்ட்ஸ்மவுத்தில் அன்றிரவு பலர் சரியாகத் தூங்கியிருக்கமாட்டார்கள். ஏப்ரல் 24 அன்று ஃப்ராட்டன் பார்க்குக்கு ரெட்நாப் எதிரணியின் மேனேஜராக வந்தார். முதல் அரைமணி நேரத்துக்குள் அவருடைய அணியின் வலைக்குள் நான்கு பந்துகள். முடிவு 4–1. மே 15 அன்று சவுத்தாம்ப்டன் பட்டியலின் கடைசியில் நின்று கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. போர்ட்ஸ்மவுத்தின் எத்தனையோ மேனேஜர்கள் மனதுக்குள் வேண்டியதைச் செய்து காட்டியவர் அவர்தான். அதற்கு அவர் போர்ட்ஸ்மவுத்தை விட்டுப் போக வேண்டியிருந்தது. அவர் நேர்மையாகவே முயன்றார் என்று நம்புகிறேன். நேர்மையான முயற்சியிலேயே அந்த அணி மூழ்கியது. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த இரண்டு ஊரும் ஒரு மனிதரைப் பற்றி ஒரே கருத்துக்கு வந்த ஆண்டு அது.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே ரெட்நாப் பழைய கிளப்புக்குத் திரும்பினார். மாண்டரிச் கூப்பிட்டார், அவர் வந்தார். அணி கீழிறங்கும் இடத்தில் கிடந்தது. 2006 மார்ச்சில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக பெத்ரோ மென்டெஸ் தூரத்திலிருந்து இரண்டு கோல் அடித்தார், இரண்டாவதை ஆட்டம் முடியும் தறுவாயில். அங்கிருந்து ஏறி, பதினேழாம் இடத்தில் நின்று தப்பித்தார்கள். மன்னிப்பு அவ்வளவு சீக்கிரம் வருமா என்றால், அணி தப்பிக்கும்போது வந்துவிடுகிறது. ரசிகன் மானமுள்ளவன்தான், ஆனால் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவன் மானத்தைவிட கோலைத்தான் விரும்புகிறான். அதைச் சரியாகக் கணித்தவர் ரெட்நாப். அந்தக் கணிப்புக்கு அவரை மெச்சத்தான் வேண்டும்.

பிறகு வந்தது 2008. புதிய உரிமையாளர் அலெக்சாண்டர் கைடமாக்கின் பணத்தில் சால் கேம்ப்பெல், டேவிட் ஜேம்ஸ், கானு, முன்டாரி என்று ஒரு படையே வந்து சேர்ந்தது. கால் இறுதியில் ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போய் மான்செஸ்டர் யுனைடெட்டை 1–0 என்று வென்றார்கள். ஒரு கோல்கீப்பருக்குக் காயம், மாற்றாக வந்தவருக்குச் சிவப்பு அட்டை, கடைசியில் தடுப்பாட்டக்காரரான ரியோ ஃபெர்டினாண்ட் கையுறை மாட்டிக்கொண்டு நிற்க, முன்டாரி பெனால்டியை அடித்தார். மே 17 அன்று வெம்ப்ளியில் கார்டிஃபுக்கு எதிராக கானுவின் ஒரு கோல் போதுமானதாக இருந்தது. 69 ஆண்டுகளுக்குப் பிறகு எஃப்.ஏ. கோப்பை போர்ட்ஸ்மவுத்துக்கு வந்தது. தாத்தா சொன்ன கதையாக மட்டுமே தெரிந்த ஒன்றைப் பேரன் கண்ணால் பார்த்தான். இதைக் கொடுத்தவர் ரெட்நாப். இதில் பங்கு கேட்க வேறு எந்த மேனேஜருக்கும் உரிமையில்லை.

ஊர் நன்றியுள்ள ஊர். தான் தரக்கூடிய மிக உயர்ந்த கௌரவமான நகர உரிமையை அவருக்கு வழங்க மாநகர சபை முடிவு செய்தது. விழா அக்டோபர் 28 செவ்வாய்க்கிழமை, கில்டுஹாலில். அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் டாட்டன்ஹாம் கூப்பிட்டது. எட்டு ஆட்டத்தில் இரண்டே புள்ளி எடுத்துக் கடைசியில் கிடந்த கிளப் அது. போர்ட்ஸ்மவுத்துக்கு 50 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. லண்டனின் பெரிய கிளப், கனவான வாய்ப்பு. அறுபதைத் தாண்டிய மனிதருக்கு இது மறுபடி வராது. போனதில் தப்பில்லை. எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள்.

ஆனால் செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். வராமல் இருந்திருக்கலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம், விழாவைத் தள்ளிப்போடக் கேட்டிருக்கலாம், கௌரவம் வேண்டாம் என்று கௌரவமாக எழுதியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. வேறு கிளப்பின் மேனேஜராக மேடை ஏறி, கூச்சலையும் வசவையும் கேட்டுக்கொண்டு, அந்த ஊரின் மிகப் பெரிய மரியாதையைப் பெற்றுக்கொண்டார். அந்த நெஞ்சுரத்தை நான் உண்மையாகவே வியக்கிறேன். தன்னை வழியனுப்பும் ஊர் கையில் மாலையோடு நிற்கும்போது மாலையை வாங்கிக்கொண்டு வண்டி ஏறுவது எல்லோராலும் ஆகாது. மறுநாள் இரவு டாட்டன்ஹாம், ஆர்சனலின் மைதானத்தில் 4–4 என்று ஆட்டத்தைச் சமன் செய்தது. மேனேஜராக அவருக்கு எவ்வளவு திறமை இருந்தது என்பதைப் போர்ட்ஸ்மவுத்துக்கு இதைவிட வேகமாக யாராலும் நினைவூட்டியிருக்க முடியாது.

அடுத்த மாதம், நவம்பர் 27 அன்று, எஃப்.ஏ. கோப்பை வாங்கித் தந்த ஐரோப்பியப் போட்டியில் ஆட ஏசி மிலான் ஃப்ராட்டன் பார்க்குக்கு வந்தது. 1899இல் திறந்த, இருபதாயிரம் பேர் நெருக்கியடித்து உட்காரும் அந்தப் பழைய மைதானத்தில் ரொனால்டினோ. பாம்பி 2–0 என்று முன்னால் இருந்தது. ரொனால்டினோவின் ஃப்ரீ கிக்கும் இன்சாகியின் கடைசி நேரக் கோலும் சேர்ந்து 2–2 ஆக்கின. அந்தக் கிளப்பின் வரலாற்றில் அதுபோல ஒரு ஐரோப்பிய இரவு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த இரவைச் சம்பாதித்துக் கொடுத்தவர் அதைப் பார்க்க அங்கே இல்லை. அவர் இடத்தில் மேனேஜராக டோனி ஆடம்ஸ் நின்றிருந்தார்.

போனாலும் பழைய உறவை ரெட்நாப் மறக்கவில்லை. 2009 ஜனவரியில் ஜெர்மெய்ன் டிஃபோவை டாட்டன்ஹாமுக்கு எடுத்துக்கொண்டார். கோடையில், இதற்குள் பாம்பிக்கு வந்திருந்த பீட்டர் கிரவுச். செப்டம்பரில் நிகோ கிராஞ்சார். அடுத்த ஜனவரியில் யூனெஸ் கபூல். போர்ட்ஸ்மவுத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் யார் என்பது அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? கிளப்புக்கும் அப்போது பணம் தேவையாக இருந்தது, மிகவும் தேவையாக இருந்தது.

கணக்குப் புத்தகம் ரெட்நாப் கையில் இருக்கவில்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் உரிமையாளர்கள். இருபதாயிரம் இருக்கை மைதானத்தின் வருமானத்தில் அந்தச் சம்பளம் கட்டுப்படியாகாது என்று தெரிந்திருக்க வேண்டியவர்களும் அவர்களே. மேனேஜர் ஆள் கேட்டார், ஆள் வந்தது. கேட்பதில் அவர் தாராளமானவர். 2010 பிப்ரவரியில், பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே திவால் நிர்வாகத்துக்குள் போன முதல் கிளப் ஆனது போர்ட்ஸ்மவுத். ஒன்பது புள்ளிகள் வெட்டப்பட்டன. கடன் பத்துக் கோடி பவுண்டுக்கு மேல். ஆட்ட நாளன்று முதலுதவிக்கு வந்து நின்ற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்புக்குக்கூட பாக்கி இருந்தது. ரசிகர்களின் கோபத்தில் எனக்கு மிகவும் நியாயமாகப் படும் இடம் இதுதான்: கோப்பையைத் தூக்கியவர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், கடன் மட்டும் ஊரோடு தங்கிவிட்டது.

ஏப்ரல் 10 அன்று அணி கீழிறங்குவது உறுதியானது. மறுநாள் வெம்ப்ளியில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. எதிரில் டாட்டன்ஹாம், பெஞ்சில் ரெட்நாப். சம்பளமே நிச்சயமில்லாத பாம்பி கூடுதல் நேரத்தில் 2–0 என்று வென்றது. முதல் கோல் பிகியோன். இரண்டாவது, பெனால்டியில், கெவின்-பிரின்ஸ் போவாடெங். முந்தைய கோடையில் ரெட்நாப்பின் டாட்டன்ஹாம் வேண்டாம் என்று விற்றுவிட்ட ஆட்டக்காரர் அவர். அன்று மைதானத்தின் ஒரு முனை அழுததும் பாடியதும் கோப்பைக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இறுதிப் போட்டியில் செல்சியிடம் ஒரு கோலில் தோற்றார்கள். அரையிறுதியில் ஜெயித்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு இறக்கம்தான். இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு, 2013இல் நான்காம் பிரிவு. அந்த ஆண்டு ஏப்ரலில் கிளப்பை ரசிகர்களின் அறக்கட்டளையே வாங்கியது. ஆளுக்கு ஆயிரம் பவுண்டு என்று பங்கு எடுத்தார்கள். கப்பல் பட்டறைத் தொழிலாளியும் ஓய்வூதியக்காரரும் கூட்டாகச் சேர்ந்து எடுத்த பங்குகளும் அதில் உண்டு. ரெட்நாப் அதற்குள் டாட்டன்ஹாமைச் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி வரை கொண்டுபோயிருந்தார். 2018இல் காட்டில் நடந்த ஒரு தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியில் கலந்துகொண்டு, நாடே வாக்களிக்க, பட்டம் வென்றார். வெளியூர்க்காரர்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கிறது. பழகுவதற்கு இனியவர், கதை சொல்வதில் வல்லவர், அதில் ஐயமில்லை.

போர்ட்ஸ்மவுத்துக்காரன் மட்டும் சங்கடத்தில் இருக்கிறான். தன் வாழ்நாளின் மிகச் சிறந்த சனிக்கிழமை எது என்று கேட்டால் 2008 மே 17 என்கிறான். சொன்னதும் அந்தப் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவரைத் திட்டினால் கோப்பையைத் திட்டியதாகிறது, கோப்பையைப் புகழ்ந்தால் அவரைப் புகழ்ந்ததாகிறது. வெறுங்கையோடு போனவரை மறந்துவிடலாம். இவ்வளவு கொடுத்துவிட்டு இப்படிப் போனவரை என்ன செய்வது? இத்தனை ஆண்டுகளாக ஆறாத கசப்பு இதுதான் என்று நினைக்கிறேன். சவுத்தாம்ப்டனுக்குப் போனது ஆத்திரம், ஆத்திரம் தணியும். நன்றிக்கடன் தீராமல் உள்ளே கிடந்து புளிப்பது வேறு.

அந்த ரசிகர்கள் இதற்குப் பிறகும் நம்பினார்கள். 2017 மே மாதம் மேனேஜர் பால் குக் நான்காம் பிரிவுப் பட்டத்தை வென்று கொடுத்தார்; அந்த மாதக் கடைசியிலேயே விகானுக்குப் போய்விட்டார். 2024 ஏப்ரல் 16 அன்று ஃப்ராட்டன் பார்க்கில் பார்ன்ஸ்லியை 3–2 என்று வென்று மூன்றாம் பிரிவுப் பட்டத்தோடு பாம்பி மேலே ஏறியது. அப்போதைய மேனேஜர் ஜான் முசினோ. பட்டம் வென்ற பிறகு, அடுத்த பருவத்திலும் அவர் அங்கேயே இருந்தார்.