எக்செல் அண்ணாச்சி

மேனேஜர் லீவு போட்டால் ஆபீஸ் நடக்கும். அண்ணாச்சி லீவு போட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். தென்காசி வட்டாரத்தில் நகைக்கடன் கொடுக்கிற எந்த ஆபீசுக்குள் நுழைந்தாலும், கவுன்டருக்குப் பின்னால் சுவரோர மேஜையில் அவரைப் பார்க்கலாம். கடன், வட்டி, கெடு, ஏலம் எல்லாமே அவருடைய ஒரே ஒரு எக்செல் ஷீட்டுக்குள் அடக்கம். புதுசாகச் சேர்ந்த பையன் மவுசைத் தொட்டாலே குரல் வரும்: "ஏலே, தொட்றாத. கலைஞ்சிரும்."

இதில் விசேஷம் என்னவென்றால், எக்செல் அண்ணாச்சிக்கு எக்செல் மேல் நம்பிக்கை கிடையாது.

மாதக் கடைசியில் அவர் கணக்கு முடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் முறையாக ஃபார்முலா போட்டுக் கூட்டுவார். அடியில் மொத்தம் வந்து நிற்கும். அதைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, டிராயரைத் திறந்து ரப்பர் பேண்ட் சுற்றிய கால்குலேட்டரை எடுப்பார். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டுவார். உதடு மட்டும் அசையும். நடுவில் யாராவது "அண்ணாச்சி, டீ" என்றால் தீர்ந்தது, மறுபடி முதல் வரி. கடைசியில் ரெண்டும் ஒத்துவந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம்.

அதோடு விட்டால் தேவலை. கால்குலேட்டரில் வந்த தொகையை, ஃபார்முலா இருந்த அதே கட்டத்தில் தட்டி என்டரை அமுக்குவார். ஃபார்முலா அங்கேயே உயிரை விடும். "இப்பம் சரி. இனி இது மாறாது பாத்துக்கோ."

சத்தியமான வார்த்தை. மாறவே மாறாது. மறுநாள் நாலு பேர் நகையை மீட்டுக்கொண்டு போவார்கள், ஆறு பேர் புதிதாக அடகு வைப்பார்கள். மொத்தம் அப்படியே நிற்கும். தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுரமே ஒருகாலத்தில் சிதைந்துபோய் 1990-ல்தான் திரும்பக் குடமுழுக்குக் கண்டது. அண்ணாச்சி போட்ட மொத்தத்துக்கு அந்தச் சேதாரமும் கிடையாது. பெட்டகத்துக்கும் ஷீட்டுக்கும் இடிக்கும்போது "இதர" என்று ஒரு வரியைச் செருகி, எவ்வளவு இடிக்கிறதோ அவ்வளவை அதில் போட்டுவிடுவார். அதையும் கால்குலேட்டரில் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான்.

மற்ற பழக்கங்கள் சில்லறை. மஞ்சள் வரி என்றால் நோட்டீஸ் போயாயிற்று, பச்சை என்றால் ஆள் தெரிந்தவர், ரோஸ் எதற்கென்று அவருக்கே மறந்துவிட்டது. ஆதார் எண்ணைத் தட்டினால் எக்செல் அதை 4.56E+11 என்று சுருக்கிக் காட்டும். "கம்ப்யூட்டர் பாஷை" என்று விட்டுவிடுவார். 2021-ல் கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி வந்தபோது, ஒரு குடும்பத்துக்கு மொத்தம் 5 சவரனுக்கு மேல் போகிறதா என்று ஆதாரையும் ரேஷன் கார்டையும் வைத்துத்தான் சலித்தார்கள். பாஷை புரிந்தால்தானே சலிக்க முடியும்?

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் அண்ணாச்சிக்கு அரை நாள் லீவு. ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, பார்டர் கடையில் பரோட்டாவை முடித்துக்கொண்டு, ஈரத்தலையோடு வந்து பாஸ்வேர்டைப் போடும்வரை நகையை மீட்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நம்ம ஊர்க்காரர் இப்படி என்று சிரிக்க வேண்டாம். லண்டனிலும் அண்ணாச்சிகள் உண்டு. 2012-ல் ஜேபி மார்கன் வங்கி அங்கே சூதாட்டம் மாதிரி ஒரு வியாபாரத்தில் 620 கோடி டாலர் அளவுக்கு இழந்தது. நஷ்ட அபாயத்தைக் கணக்கிட்ட முறையைத் தோண்டினால், ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் வெட்டி ஒட்டிய எக்செல். சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்திருந்தார்கள். அபாயம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரிந்தது. நம் ரிசர்வ் வங்கியும் வாராக்கடன் எது என்பதைக் கைக்கணக்காக முடிவு செய்யாமல் கம்ப்யூட்டர் அமைப்பே தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. 63,000 தொடக்க வேளாண் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ல் மத்திய அரசு 2,516 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. அண்ணாச்சியிடம் சொன்னால், "நம்மகிட்ட ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்குல்லா" என்பார்.

ஆள் தங்கம், அதையும் சொல்லிவிட வேண்டும். பத்து பைசா தொட மாட்டார். யார் மகள் கல்யாணத்துக்கு வளையலை வைத்தார்கள் என்பது அவருக்கு ஷீட்டைப் பார்க்காமலே தெரியும். கெடு தாண்டும் முன் வீடு தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வருவார்.

ஆனால் நல்ல மனுஷன் கையில் இருப்பதாலேயே கணக்கு நல்லதாகிவிடாது. அந்தக் கம்ப்யூட்டரில் தேதி அமெரிக்க முறையில் இருக்கிறது. 5/6 என்று தட்டினால் ஜூன் 5 அல்ல, மே 6. ஒரு லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் இல்லாத 30 நாளுக்கு 986 ரூபாய். கட்ட வந்த அம்மா வீட்டிலேயே விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவர். கூட வருகிறதே என்று கேட்டார். "கம்ப்யூட்டர் அப்படித்தாம்மா சொல்லுது." கம்ப்யூட்டருக்குச் சொன்னது யார்? பழைய பேரேட்டில் ஒரு எண்ணை மாற்றினால் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். ஆடிட்டர் அந்த இடத்தில் விரலை வைப்பார். இந்த ஷீட்டில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. அந்த அம்மா பீடி சுற்றிச் சேர்த்த பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி, உங்கள் கால்குலேட்டரை யாரும் பிடுங்கவில்லை. தட்டுகிற மொத்தத்தைப் பக்கத்துக் கட்டத்தில் தட்டுங்கள். எந்தத் தேதியிலிருந்து வட்டி என்று ரசீதில் எழுதிக் கொடுங்கள். பாஸ்வேர்டை இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். அடுத்த வருஷம் உங்களுக்கு ரிட்டயர்மென்ட்; சால்வைக்கும் மோதிரத்துக்கும் வசூல் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கணக்கையும் உங்கள் ஷீட்டில்தான் வைத்திருக்கிறார்களாம்.