ஐரோப்பா கொண்டான்

ராஜேந்திர சோழன் 1025இல் கப்பல் படையோடு வந்து கடாரம் கொண்டான். அதற்குப் பதில் சொல்லக் கடாரத்து, அதாவது இன்றைய கெடாவின், தமிழருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பிடித்தது. இந்த முறை படையெடுப்பு எதிர்த்திசையில். படைபலம்: ஒரு சூட்கேஸ், ஒரு ரைஸ் குக்கர், ஒரு கிரெடிட் கார்டு, அண்ணி.

திகாம் பத்து முச்சந்தியில் நின்று ‘யூரோப் அண்ணன் வீடு எது?’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அதற்காக அவர் ஒரே ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஒரு ரகம். பீடோங்கில் ஒருவர் உண்டு. கூலிமில் இரண்டு பேர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. சுங்கைப்பட்டாணியில் தாமானுக்கு ஒருவர் தேறுவார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், இபிஎஃப் பணம் கைக்கு வந்திருக்கும், பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள். மற்றவர்கள் அந்தப் பணத்தில் வீட்டை முன்னால் இழுத்துக் கட்டுவார்கள், மகளுக்கு நகை எடுப்பார்கள், காசிக்குப் போய் வருவார்கள். இவர் ஸ்போர்ட்ஸ் காடி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்திருப்பார். வந்து சில வருடங்கள் ஆகியும் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை என்பது அண்ணியின் கருத்து.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வெயில் கொளுத்துகிற மத்தியானத்திலும் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கும். மாரனெல்லோவில் ஃபெராரி அருங்காட்சியகத்துக் கடையில் வாங்கியது. விலையைக் கேட்டால் யூரோவில் மட்டும்தான் சொல்வார். வெள்ளியில் சொன்னால் அண்ணி காதில் விழுந்துவிடும்.

இந்த ஆசைக்கு விதை போட்டது யார் என்று கேட்டால் அண்ணன் கை அலோர்ஸ்டார் பக்கம் நீளும். அங்கே பிறந்த மகாதீர் பிரதமராக இருந்தபோதுதான் 1985இல் புரோட்டோன் சாகா ரோட்டுக்கு வந்தது. 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியே புரோட்டோன் கைக்கு வந்தது. 2017இல் சீனாவின் ஜீலிக்குக் கைமாறும் வரை லோட்டஸ் மலேசிய முதலாளியிடம்தான் இருந்தது. “இருபது வருசத்துக்கு மேல அது நம்ம காடி, தம்பி. வெள்ளக்காரன் நம்மகிட்ட சம்பளம் வாங்குனான்” என்று சொல்லும்போது அண்ணன் குரலில் பங்குதாரர் தொனி வந்துவிடும். அந்தக் காலத்தில் சாத்ரியா ஜிடிஐ என்று ஒரு மாடல் வந்தது. அதன் பின்பக்கம் ‘ஹேண்ட்லிங் பை லோட்டஸ்’ என்று பொறித்திருக்கும். அண்ணனிடம் இருந்தது ஜிடிஐ அல்ல, சாதாரண வீரா. ஆனால் அந்த வாசகம் மட்டும் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வீராவில் சவாரி செய்த கோழித்தீவன மூட்டைகள், லோட்டஸ்காரன் வளைவில் காட்டிய நுட்பத்தை உணர்ந்தனவா என்று சொல்வதற்கில்லை.

என்னைக் கேட்டால் விதை இன்னும் பழையது. கெடா தோட்டங்களில் வளர்ந்தவன் ஐரோப்பாவைக் காதால் கேட்டே வளர்ந்தவன். சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஸ்கார்புரோ, பாடாங் செராய்ப் பக்கம் விக்டோரியா, ஹென்ரியேட்டா, காராங்கானில் டப்ளின், குவாலா கெட்டிலில் பேடனோக். துரைமார் வைத்துவிட்டுப் போன பெயர்கள். அண்ணனுடைய தாத்தா டப்ளினில் பால்மரம் வெட்டினார். சித்தப்பா விக்டோரியாவில் பெண் எடுத்தார். பெரியத்தை ஸ்கார்புரோவில் வாழ்க்கைப்பட்டு மாமியாரோடு சண்டை போட்டுத் திரும்பி வந்தார். இந்தக் குடும்பத்தில் ஐரோப்பா பார்க்காத ஆளே கிடையாது.

ஐரோப்பாவும் இந்தப் பக்கம் வந்ததுண்டு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட்ரோவர்களில் 1955 செப்டம்பரில் லண்டனை விட்டுப் புறப்பட்டு, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அவற்றில் ஒரு வண்டி 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பவும் ஓடியது. 1956இல் அவர்கள் திகாம் பத்துவில் இறங்கி, தன் பாட்டனார் கடையில் கோப்பி குடித்ததாக அண்ணன் சொல்வார். பாட்டனாருக்குக் கடையே இருந்ததில்லை என்பார் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன். அந்த விவகாரத்துக்குள் நாம் போகவேண்டாம்.

ஜேபிஜேயில் 150 வெள்ளி கட்டி அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு, அண்ணன் ஸ்டுட்கார்ட்டில் போய் எடுத்தது போர்ஷே பாக்ஸ்டர். கூரையைத் திறந்து மூடலாம், இரண்டே இருக்கை. ஊரை விட்டுக் கிளம்பும்போதே அண்ணன் ஒரு தீர்மானத்தோடு போயிருந்தார். காடியின் முன்மூடியைத் தூக்கி, இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கையை ஊன்றி ஒரு படம். காடி பார்க்கிற நம் ஆட்கள் எல்லாருக்கும் இது வழக்கம்தான். இஞ்சினைப் பார்க்காமல் காடி பார்த்தேன் என்று சொல்வது முகம் பார்க்காமல் பெண் பார்த்த கதை. அண்ணன் முன்மூடியைத் தூக்கினார். உள்ளே இஞ்சின் இல்லை. பெட்டி வைக்கிற குழி. சரி, ஃபோக்ஸ்வேகன் வண்டு மாதிரி பின்னால் இருக்கும் என்று பின்மூடியைத் தூக்கினார். அங்கேயும் பெட்டி வைக்கிற குழி. ஓரமாக எண்ணெய்க்கு ஒரு மூடி, தண்ணிக்கு ஒரு மூடி, அவ்வளவுதான். பாக்ஸ்டரில் இஞ்சின் இருக்கைக்குப் பின்னால், நடுவயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. சாதாரணமாகத் திறந்து பார்க்க வழியே இல்லை. பட்டறைக்காரர்கள்தான் கை வைப்பார்கள். ஆக, அத்தனை காசு கொடுத்து எடுத்த காடியின் இஞ்சினை அண்ணன் கடைசி வரை பார்க்கவில்லை.

இதை ஊருக்கு வந்து சொன்னபோது கோப்பிக் கடையில் முதல் கேள்வி பெங்கில் வைத்திருக்கும் பையனிடமிருந்து வந்தது.

“எத்தன சிலிண்டர்ண்ணே?”

“நாலு. டர்போ. முந்நூறு குதிரை.”

“நாலுதானா? மைவிக்கும் நாலுதாண்ணே.”

அன்றைக்கு அண்ணன் தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். மூன்று நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

இரண்டு குழி இருந்தும் சூட்கேஸ் எதிலும் இறங்கவில்லை. துணிகளைப் பிரித்து பிளாஸ்டிக் பைகளில் கட்டி முன்னும் பின்னும் திணித்தார்கள். ரைஸ் குக்கர் மட்டும் எதிலும் அடங்காமல் அண்ணி மடியில் உட்கார்ந்து ஆல்ப்ஸ் மலையெல்லாம் பார்த்தது. காலி சூட்கேஸை ஸ்டுட்கார்ட் ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஓட்டுவது வலப்பக்கம், உட்காருவது இடப்பக்கம். அது இரண்டு நாளில் பழகிவிட்டது. பழகாதது சிக்னல் குச்சி. நம் காடிகளில் வலது கைப்பக்கம் இருப்பது அங்கே இடது கைப்பக்கம். ஆகவே அண்ணன் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடியது. நல்ல வெயிலில், கூரையைத் திறந்துவிட்டு, வைப்பர் போட்டுக்கொண்டு ஒரு சிவப்புத் தொப்பிக்காரர் போவதை ஜெர்மானியர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்று பார்த்திருக்கிறார்கள். அண்ணன் இதை அவர்களுடைய சாலை ஒழுக்கத்துக்கு உதாரணமாகச் சொல்வார்.

ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடே கிடையாது என்பார். அது பொய்யல்ல. பொதுவான வரம்பு எதுவும் இல்லை, 130 என்பது பரிந்துரை மட்டும்தான். ஆனால் நகரத்தை ஒட்டியும் சாலை வேலை நடக்குமிடத்திலும் பலகை நட்டு 120, 100, 80 என்று இறக்கிவிடுவார்கள். அண்ணன் போனது கோடையில், சாலை வேலை சூடு பிடிக்கும் பருவத்தில். பெரும்பாலான தூரம் லாரிக்குப் பின்னால் 80இல்தான் போனது. நடுவில் ஓரிடத்தில் பாதை விட்டது. அண்ணன் கணக்கில் 240. அண்ணி கணக்கு வேறு: “நான் கண்ண மூடிக்கிட்டு கந்தர் சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பிச்சேன். கால்வாசிகூட முடியல, மறுபடியும் போர்டு வந்திருச்சி.”

பயணத்தின் உச்சம் நூர்பர்க்ரிங். 1927இல் திறந்த பந்தயப் பாதை. அதன் வடக்கு வளையம் மட்டும் 20.8 கிலோமீட்டர், காட்டுக்குள் ஏறி இறங்கி வளைந்து ஓடும். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நேரங்களில் காசு கட்டினால் யாரும் காடியை உள்ளே விடலாம். அண்ணன் ஸ்டுட்கார்ட்டிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போனதே அதற்காகத்தான். வாசலுக்குப் போன பிறகுதான் அண்ணி வாடகைப் பத்திரத்தை எடுத்துப் படித்தார். அவர் தோட்டத்துக் கிராணி மகள். எழுத்து சிறியதாக இருந்தால் விடவே மாட்டார். அந்தக் காடியை நூர்பர்க்ரிங்கில் ஓட்டக் கூடாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. வாடகைக்காரர்கள் பொதுவாக அப்படித்தான் எழுதி வாங்குகிறார்கள். மீறி மோதினால் காப்புறுதியும் கைவிட்டுவிடும், இபிஎஃப்பில் மிச்சம் மீதி இருந்ததும் போய்விடும்.

வளையத்துக்கென்றே தயார் செய்த காடிகளை அந்த ஊரிலேயே தனியாக வாடகைக்கு விடுகிறார்கள். அதில் அண்ணன் கைக்கு எட்டியது ஒரு சுசுகி சுவிஃப்ட். ஆம், அதே சுவிஃப்ட்தான். சுங்கைப்பட்டாணியில் டீச்சர்மார் ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவது. போர்ஷேயை வெளியே நிறுத்திவிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, உலகத்தின் ஆபத்தான பாதையில் அண்ணன் சுவிஃப்ட் ஓட்டினார். அங்கே சட்டம் ஒன்று உண்டு: வலது ஓரமாகப் போ, முந்துகிறவன் இடப்பக்கமாக முந்துவான். அண்ணன் முழு வட்டமும் வலது ஓரம்தான். முன்னால் பார்த்த நேரத்தைவிடக் கண்ணாடியில் பார்த்த நேரம் அதிகம்.

அங்கே வளைவுக்கு வளைவு படம் பிடிப்பவர்கள் நின்று, பிறகு அந்தப் படத்தை நமக்கே விற்பார்கள். அண்ணன் வீட்டு ஹாலில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிய சட்டத்தில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது. நடுவில் பளிச்சென்று ஒரு போர்ஷே 911. பின்னால் ஓரத்தில் ஒரு சுவிஃப்டின் மூக்கு. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, “அண்ணே, பறக்கிறீங்களே!” என்பார்கள். அண்ணன் பொய் சொல்கிறவர் அல்ல. “அது ரொம்ப மோசமான வளைவு” என்பார். அதுவும் உண்மைதான்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் பற்றியும் சொல்ல வேண்டும். 2,757 மீட்டர் உயரம். நம் ஜெராய் மலையை இரண்டு அடுக்கு அடுக்கினாலும் எட்டாது. வடக்கிலிருந்து ஏறினால் 48 கொண்டை வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. அண்ணன் ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்வார். பதினைந்தாவது வளைவு வரை உட்கார்ந்திருந்தால் போதும், பிறகு எழுந்து போனால் மரியாதைக் குறைவு ஆகாது என்பது எங்கள் கோப்பிக் கடை வழக்கு.

சுவிட்சர்லாந்தைச் சீக்கிரம் தாண்டிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் ஏற 40 ஃபிராங்குக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருந்தது. அரை நாள் போனாலும் ஒரு வருடத்துக் காசுதான். பொறுக்குமா அண்ணனுக்கு? உரித்தால் கிழிந்துபோகிற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஹோட்டல் ஹேர் டிரையரை நீட்டிப் பிடித்துச் சூடு காட்டிக் காட்டி, முக்கால்வாசியைப் பெயர்த்துவிட்டார். மலேசியாவில் 2023 முதல் ரோட் டாக்ஸ் வில்லையைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டியதில்லை அல்லவா? அவருடைய மைவியில் அந்தக் காலி இடத்தில் இப்போது முக்கால் சுவிட்சர்லாந்து.

ஊருக்கு வந்து பல மாதம் கழித்து இத்தாலியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய நகரத்துக்குள், அனுமதி இல்லாத வட்டாரத்தில் காடியை ஓட்டியதற்கு சம்மன். உள்ளூர் சம்மன் என்றால் ‘ஐம்பது விழுக்காடு தள்ளுபடி எப்போ அறிவிப்பாங்க?’ என்று வருடக்கணக்கில் காத்திருந்த மனுஷன் அவர். இதை அன்றைக்கே கட்டினார். கட்டுவதற்கு முன்னால் கோப்பிக் கடைக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினார். ஐந்து நாளுக்குள் கட்டினால் முப்பது விழுக்காடு தள்ளுபடி என்று அதில் இருந்தது. “பாத்தீங்களா, அங்கயும் இருக்கு!” என்றபோது அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி. அந்தக் கடிதம் லாமினேட் செய்யப்பட்டு இப்போது பாஸ்போர்ட்டோடு இருக்கிறது.

ஒரு நாள் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, “எங்க தாத்தா வெட்டுன பாலுதான்டா அங்க டயரா ஓடுச்சி. நான் போயி அந்த ரோட்ட பாத்துட்டு வந்தேன், அவ்வளவுதான்” என்றார். கடை கொஞ்சம் அமைதியானது. மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர், அந்தக் காலத்தில் மண்டோராக இருந்தவர், கோப்பியை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: “ஒட்டுப்பால் காசு கொஞ்சம் பாக்கி இருந்திச்சே, கேட்டியா?”

இப்போது அடுத்த படையெடுப்புக்கு ஏற்பாடு நடக்கிறது. ஸ்காட்லாந்து. இன்வர்னஸ்ஸில் தொடங்கி வடக்குக் கரையைச் சுற்றி அதே ஊருக்குத் திரும்புகிற 516 மைல் பாதையை, ‘நார்த் கோஸ்ட் 500’ என்று பெயர் வைத்து 2015 முதல் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஓட்டுவது நம் பக்கம்தான் என்பதில் அண்ணனுக்கு ஆறுதல். இந்த முறை லோட்டஸ் எலீஸ் கிடைக்குமா என்று வாடகைக்காரர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார். எலீஸில் பெட்டி வைக்கிற குழி பாக்ஸ்டரைவிடச் சின்னது என்பதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

அண்ணி வரவே மாட்டார் என்றுதான் நாங்கள் பந்தயம் கட்டியிருந்தோம். வருகிறாராம். பிறந்தது பேடனோக் தோட்டம். இன்வர்னஸ்ஸுக்குத் தெற்கே, எடின்பரோவிலிருந்து ஏறிப்போகிற வழியில், அசல் பேடனோக் இருக்கிறது என்று மகன் வரைபடத்தில் காட்டியிருக்கிறான். “அங்க என்னாத்த நட்டு வெச்சிருக்கானுங்கன்னு பாக்கணும்” என்றார். அத்தோடு இன்னொன்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். பிரிட்டனில் பிளக், நம்முடையது போலவே மூன்று கால். ஜெர்மனியில் அடாப்டர் வைத்துச் சோறு பொங்கப்போய் ஹோட்டல் மாடி முழுக்க இருட்டான கதையை அண்ணன் இதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. அண்ணிதான் சொன்னார்.