கொலன்னாவைச் சம்பல்: இடிப்போர், பிசைவோர், அரைப்போர்

1. ஆய்வுப் பொருள்

கொலன்னாவை என்றதும் இலங்கைக்கு நினைவு வருவது எண்ணெய்க் குதங்கள். அவ்வூர் ஒழுங்கைகளில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த மதில்களுக்குள் இருந்து விடிகாலையில் சம்பலுக்குத் தேங்காய் திருவுகிறார்கள் என்பது இன்னும் அறிவுலகின் கவனத்தைப் பெறவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

2. மரபுகள்

முதலாமவர் இடிப்போர், யாழ்ப்பாண வழியினர். செத்தல் மிளகாயைப் பொரித்து, உப்போடு உரலில் நொறுக்கி, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பழப்புளியும் சேர்த்து இடிப்பர்.

இரண்டாமவர் பிசைவோர், பெரும்பாலும் சிங்கள வீட்டார். வெங்காயம், வெட்டுமிளகாய், மாசிக் கருவாடு மூன்றையும் நசித்து, தேங்காய்ப்பூவைக் கொட்டி, கை சிவக்கப் பிசைந்து, தேசிக்காய் பிழிவர்.

மூன்றாமவர் அரைப்போர், மலையகத்திலிருந்து வந்தவர். பொட்டுக்கடலையோடு அம்மியில் மசிய அரைத்து, கடுகு தாளித்துச் சட்னி என்பர். மற்ற இரு தரப்பும் இதைப் பந்தியில் மறுப்பதில்லை. சம்பல் பட்டியலில் மட்டும் சேர்ப்பதில்லை.

முஸ்லிம் வீடுகளில் முறை வீட்டுக்கு வீடு மாறுவதால் எம் வகைப்பாடு குலைகிறது. இத்தகைய தரவை அடிக்குறிப்புக்குத் தள்ளுவதே ஆய்வு மரபு. இக்கட்டுரைக்கு அடிக்குறிப்பு இல்லை.

3. தொன்மை

மூன்று தரப்பும் தத்தம் முறையே ஆதிமுறை என்கின்றன. சான்று கேட்டால் எல்லோரும் காட்டுவது ஒரே மூலத்தை: அம்மம்மா (வாய்மொழி, ஆண்டு இல்லை). ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்த போர்த்துக்கீசர் இலங்கைக் கரையைத் தொட்டது 1505இல். அதற்கு முந்திய சம்பல் எதுவாயினும் அது சிவப்பாக இருந்திருக்காது.

மாசிக்கோ எழுத்துச் சான்று உண்டு. 1343–44இல் மாலைதீவில் காதியாக இருந்த இபன் பதூதா, அந்த உலர்மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் கப்பலேறியதைக் குறித்திருக்கிறார். பிசைவோர் இதைத் தம் வெற்றியாகக் கொள்ளலாம். நியாயப்படி வெற்றி மாலைதீவாருக்கு.

4. ஒலியியல்

உலக்கை மேல்மாடியில் விழுந்தால் கீழ்வீட்டார் படியேறி வருவர். ஆகவே மாடி வாடகைக்குப் போன இடிப்போர் சத்தமில்லாமல் பிசையத் தொடங்கினர். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய பிசைவோர் கிரைண்டர் வாங்கி அரைப்போராயினர். அரைப்போரின் அம்மி வீடு மாறும்போது லொறியில் ஏறவில்லை. கை மாறியது, வாய் மாறவில்லை. “எங்கட முறைதான் முறை” என்ற கூற்று மூன்று வீடுகளிலும் பழைய உரத்தோடே ஒலிக்கிறது.

5. பரிசோதனை

2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரத்தை எட்டியது. எண்ணெய்க் குதங்களின் நிழலிலேயே கிரைண்டர்கள் ஊமையாயின. பரணில் கிடந்த உரல் இறங்கியது. “அக்கா, உரலை ஒருக்கா தாறீங்களா?” என்ற குரலோடு மதில் தாண்டியது; தாண்டித் திரும்பியது. அடுத்த வெள்ளிக்கிழமை சைவ வீட்டு மரக்கறிச் சம்பலில் மாசி மணத்தது. உரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். சம்பலைக் கொட்டினார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

6. முடிவு

சம்பல் செய்யும் முறையைத் தீர்மானிப்பது இனமன்று. மாடிப்படி, மின்சாரம், ஏழு மணி பஸ் ஆகிய மூன்றுமே. உண்ணும் முறையிலோ வேறுபாடே காணோம். பீத்தோவன் இசையோடு முச்சக்கர வண்டியில் வரும் சூன் பாணை எல்லோரும் வாங்குகிறார்கள், பிய்க்கிறார்கள், அடுத்த வீட்டிலிருந்து வந்த சம்பலில் தோய்க்கிறார்கள். கடைசித் துண்டால் கோப்பையை வழித்து முடித்த பிறகே, “இருந்தாலும் எங்கட மாதிரி வராது” என்கிறார்கள்.